அம்மாவிடம் சொல்லாதது

ஜூன் 3

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டால் "நலம்" என்று எழுதி ஒரு வரியை நிரப்பிவிடுவாய். அதனால் கேட்கவில்லை. ஃபோனில் பேசலாம்தான். ஆனால் ஃபோனில் நான் ஒன்று கேட்பேன், நீ மூக்கை உறிஞ்சுவாய், நான் இறங்கிப் போவேன், கேட்டது கேட்டபடியே நிற்கும். போன மாதம் அதுவும் இல்லாமல் சண்டையில் முடிந்தது. காகிதத்தில் அழ முடியாது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

நீ அனுப்பிய படத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். என் மகன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். நிலையமே அவனை மேனேஜர் என்று கூப்பிடுகிறது, அந்தத் தோரணைக்குக் குறைவில்லை. ஆனால் அவனுக்குப் பின்னால் ஒரு பச்சைச் சுவர் தெரிகிறதே, அது எங்கே இருக்கிறது? கீழே காகித உறை ஒட்டும் கூடம் வெள்ளை. மேலே படுக்கை அறைகள் சந்தன நிறம், வண்ணம் அடித்தவரோடு வாதாடி நான் தேர்ந்தெடுத்தது. பச்சை என்று ஒரு சுவர் நம் நிலையத்தில் கிடையாது.

வலது மணிக்கட்டில் ஒரு கறுப்புத் தழும்பு இருக்கிறது. சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருக்கிறது. அத்தனை ஆயாக்கள் இருக்கும் இடத்தில் அதைச் சரிசெய்ய ஒரு கை இல்லையா? ஞாயிற்றுக்கிழமை அவன் ஃபோனில் பேசும்போது பின்னால் சாப்பாட்டுக் கூடத்தின் தட்டுச் சத்தம் கேட்பதில்லை. ஒரு குக்கர் விசில் கேட்கிறது, அதுவும் காதுக்குப் பக்கத்தில்.

உன் அண்ணன் போன பிறகு, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக அவரும் நானும் ஆரம்பித்த இந்த நிலையத்தை நீயும் நானும்தான் இழுத்துக்கொண்டு வந்தோம். மூட்டு வலி தாங்காமல் நான் மகள் வீட்டுக்கு வந்தபோது சாவியை உன் கையில்தான் கொடுத்தேன். சாவியைத்தான் கொடுத்தேன், கண்ணைக் கொடுக்கவில்லை.

இங்கே மகள் ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். நேரான பதில் வராவிட்டால் நானே வந்து அவனை அழைத்துக்கொண்டு போய்விடுவேன். பிறகு அவன் என்னோடுதான்.

அண்ணி


ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்காவிட்டாலும் இங்கே எல்லோரும் நலம்.

மணிக்கட்டில் இருப்பது இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. மேனேஜர் தன் சட்டையைத் தானே தேய்க்கப் பழகுகிறார். அன்றே டாக்டரிடம் காட்டினோம், ஆறிவிட்டது. உங்களுக்குச் சொல்லவில்லை, உண்மைதான். சொன்னால் இஸ்திரிப்பெட்டியை எடுத்து அலமாரியில் பூட்டச் சொல்வீர்கள். பொத்தானையும் அவரே போட்டார். திருத்தட்டுமா என்று ஆயா கேட்டதற்கு "பரவால்ல" என்றாராம். அதற்கு மேல் கை வைப்பது மரியாதை இல்லை. இங்கே இப்போது எல்லோரையும் "அவர்" என்றுதான் பேசுகிறோம், பதிவிலும் அப்படித்தான் எழுதுகிறோம். நீங்கள் இருந்த காலத்தில் எல்லோரும் "பிள்ளைகள்". பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது அண்ணி.

அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பொறுப்பில் உள்ள இடம்தான், வண்ணம் புதிது. இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒன்று கேட்கலாமா? இதையெல்லாம் உங்களுக்குச் சொல்வது யார்? குக்கர் விசிலைக் கேட்டு ஒரு முடிவுக்கு வர முடியுமா? வேன் டிரைவர் உங்கள் காலத்து ஆள். போன வாரம் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மேனேஜருக்கு ஃபோன் போட்டுக் கொடுக்கும் வேலையிலிருந்து அவரை மாற்றிவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் போகும்போது மேனேஜரையும் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆசைப்பட்டீர்கள். மருமகன் வீட்டில் இடமில்லை என்றார், அதனால்தான் அவர் இங்கே தங்கினார். அன்று இல்லாத அறை இன்று எப்படி முளைத்தது? பேரக்குழந்தைகளைப் பள்ளி வேனிலிருந்து இறக்கிக் கூட்டி வர ஆள் கிடைக்கவில்லை என்று போன மாதம் ஃபோனில் சொன்னீர்கள். "உன் அண்ணன் மகனுக்கு அந்த வேலை நல்லா வரும்" என்றும் சொன்னீர்கள். நீங்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் நாத்தனார்


ஜூன் 17

சின்னவளே,

பத்து மாதம் சுமந்தவளுக்கே அவள் பிள்ளையை "அவர்" என்று எழுதியிருக்கிறாய். நல்ல மரியாதை. படித்துவிட்டு மகள் சிரித்தாள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் நேராகக் கேட்டேன், நீ பூசி மெழுகியிருக்கிறாய். பேரக்குழந்தைகளுக்கு ஆயா வேலை பார்க்க நான் பெற்ற பிள்ளையை இழுத்துப் போகிறேன் என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டாய். இருக்கட்டும், அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

டிரைவர் பாவம், அவரை விடு. அவர் எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னது உன் அண்ணன் மகன். அதை முதல் கடிதத்தில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன். நீ சொல்லவில்லை.

"ராத்திரி எங்கடா தூங்குன?" என்று கேட்டேன்.

"ரகசியம்."

"என்னடா சாப்பிட்ட?"

"ரகசியம்மா."

"யாருடா உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது?"

ஃபோனை வைத்துவிட்டான். அடுத்த வாரமும் இதே கதை. அதற்கடுத்த வாரமும்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பயந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், உன் நிர்வாகக் குழுவும் படிக்கட்டும். வேறோர் இல்லத்திலிருந்து நம்மிடம் ஒரு பெண் வந்தாளே, குளிக்கக் கூப்பிட்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்வாளே. என்னம்மா என்று கேட்டால் "ரகசியம்" என்பாள். அங்கே அவளுக்கு வருஷக்கணக்கில் நடந்த அக்கிரமத்தை அந்த ஒரு வார்த்தைதான் மூடி வைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் நான் வியாழக்கிழமை வகுப்பை ஆரம்பித்தேன். படம் காட்டிக் கேட்பேன். "யாராவது ரகசியம், வெளியில சொல்லாதேன்னு சொன்னா என்ன செய்யணும்?" கூடமே கத்தும், "உடனே சொல்லணும்." முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தியவன் என் மகன்.

அவன் வாயிலிருந்து இப்போது அந்த வார்த்தை வருகிறது. நான் என்ன நினைக்கட்டும்?

நான் வந்த பிறகு நீ வேலைக்கு வைத்த இரவுப் பொறுப்பாளர், அமைதியானவர், சொன்னதைச் செய்பவர் என்றாயே. அமைதியானவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை அவரோடு ஒரே அறையிலா தூங்குகிறான்? அந்தப் பச்சைச் சுவர் யாருடைய வீட்டுச் சுவர்? பதில் எழுது. தூக்கம் வரவில்லை எனக்கு.

அண்ணி


ஜூன் 23

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் அந்த வார்த்தையை உங்களிடம் சொல்கிறான் என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன். அது உங்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று என்னைத் தவிர வேறு யாருக்குப் புரியும்?

படித்ததும் எனக்கும் முதலில் சந்தேகம்தான் வந்தது. இரவுப் பொறுப்பாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மேனேஜரையும் அவனோடு இருக்கும் இருவரையும் தனித்தனியே உட்கார வைத்து உங்கள் வகுப்புப் படங்களைக் காட்டிக் கேட்டேன். டாக்டரையும் வரவழைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றுமில்லை அண்ணி. நீங்கள் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. பொறுப்பாளரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் லீவு போட்டுவிட்டார், திரும்பி வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. வந்துவிட்டார்.

இப்போது நேராகவே எழுதுகிறேன். மேனேஜர் நிலையத்தில் தங்கவில்லை. எதிர் வரிசையில் தையல்கடையை ஒட்டி ஒரு சின்ன வீடு இருக்கிறதே, அங்கே தங்கியிருக்கிறான். கூட, நிலையத்தில் நாம் பாட்டுக்காரர், ஹீரோ என்று கூப்பிடும் இருவரும் இருக்கிறார்கள். பச்சைச் சுவர் அந்த வீட்டுச் சமையலறை. குக்கரும் அவர்களுடையதுதான். பகலில் மூவரும் வழக்கம்போல இங்கே உறை ஒட்ட வருகிறார்கள். இரவுப் பொறுப்பாளர் சாப்பாட்டு நேரத்தில் போய், வலிப்பு மாத்திரை விழுங்குவதைப் பார்த்துவிட்டு, முன்னறையில் படுத்துக்கொள்கிறார். மேனேஜருக்கு உள்ளே தனி அறை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது.

இது நான் கிளப்பிய யோசனை இல்லை. அந்த வீடு காலியாகிப் பூட்டிக் கிடந்தது. மேனேஜர்தான் தினமும் சாலையைத் தாண்டிப் போய் அதன் ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருவான். ஒரு நாள் என்னிடம் கேட்டான்.

"அங்க யாரு இருக்கா அத்தை?"

"யாரும் இல்லப்பா."

"அப்ப நான் இருக்கேன்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் அதையே சொன்னான். குழுவில் பேசினோம். ஹீரோவின் அப்பாவும் பாட்டுக்காரரின் அக்காவும் ஒப்புக்கொண்டார்கள். உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது மேனேஜர் வந்து காகிதத்தின் மேல் கையை வைத்தான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை. ரகசியம்." ஏன் என்று கேட்டேன், ஒரு காரணம் சொன்னான். அதை நான் எழுத மாட்டேன்.

நம் வகுப்பில் இதற்குப் பாடமே இல்லை அண்ணி. யாரோ வந்து அவர்கள் தலையில் ரகசியத்தைக் கட்டுவார்கள் என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்தோம். அவர்களுக்கே ஒன்று இருக்கலாம் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சொல்வதா வேண்டாமா என்று தவித்துக் கடைசியில் மறைத்தேன். அது எனக்கும் சௌகரியமாக இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கோபப்படுங்கள். ஆனால் திடீரென்று வந்து நிற்காதீர்கள்.

சின்னவள்


ஜூன் 30

சின்னவளே,

டாக்டர் பார்த்தார் என்று படித்த பிறகுதான் ஒரு வாய் சாப்பாடு இறங்கியது. அதற்கு மட்டும் நன்றி.

மற்றதெல்லாம் என் காதில் பூ சுற்றுகிற வேலை. அவன் கேட்டானாம், நீ சிரித்தாயாம், குழு கூடி வீட்டைக் கொடுத்துவிட்டதாம். வலிப்பு வருகிறவன் அடுப்புக்கு முன்னால் நிற்கிறான். குக்கரை இறக்கும்போது வந்தால்? கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அவன் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே விழுந்து கிடந்தால் உன் அமைதியானவர் கதவை உடைப்பாரா, தலையை ஆட்டுவாரா?

எல்லாவற்றையும் விட அந்த ரகசியம்தான் எனக்கு உதைக்கிறது. அவன் வாயில் எது தங்கியிருக்கிறது? தங்கைக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கி ஒளித்து வைத்தோமே, நேராக அவளிடம் போய் "உனக்குக் கைக்கடிகாரம் வாங்கல" என்று சொன்னவன் அவன். அப்பேர்ப்பட்டவன் மாதக்கணக்கில் பெற்றவளிடம் ஒன்றை மறைக்கிறான் என்றால் பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்கிற வாய் ஒன்று இருக்கிறது. அது உன் வாய். காரணத்தை எழுத மாட்டேன் என்கிறாய். இருந்தால்தானே எழுதுவதற்கு.

உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? மூன்று பேர், தனி வீடு, சொந்தச் சமையல் என்று கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேறிச் சொல்லலாம், கைதட்டுவார்கள். என் பிள்ளை உன் நிலையத்துக்குச் சுவரொட்டி இல்லை. அவன் தலைமுடியைக் கூட நான் சொன்னால்தான் வெட்டிக்கொள்வான். எடுப்பார் கைப்பிள்ளை அவன். இத்தனை நாள் என் கையில் இருந்தான், இப்போது உன் கையில். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி வருகிறேன். திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நான் வருவது அவனுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் நீ வீட்டை ஜோடித்து வைத்துவிடுவாய்.

அண்ணி


ஜூலை 4

அண்ணி,

எழுத மாட்டேன் என்று சொன்னதை எழுதிவிடுகிறேன். படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

"அம்மா வந்தா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

அவன் சொன்ன காரணம் இவ்வளவுதான். நான் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் டிக்கெட் எடுத்தது இப்போது. அவன் இதைச் சொன்னது ஜனவரியில்.

இது உங்கள் கண்ணில் படக்கூடாது என்றுதான் நான் முட்டாள்தனமாகச் சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருந்தேன். டிரைவரைச் சந்தேகப்பட்டேன், உங்கள் மகள் வீட்டு அறையைச் சந்தேகப்பட்டேன். அந்த அறையைப் பற்றி இன்னும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

நீங்கள் வருவதை அவனிடம் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும் நான் காலடி வைக்கப் போவதில்லை. அன்று அலுவலகத்திலேயே இருப்பேன். நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் தடுக்க எனக்கு மனசும் வராது, வாயும் வராது. ஒன்று மட்டும் செய்யுங்கள். கிளம்புவதற்கு முன் அவனை ஒரு வார்த்தை கேளுங்கள்.

சின்னவள்


ஜூலை 19

சின்னவளுக்கு,

ஊர் வந்து சேர்ந்து நாலைந்து நாளாகிறது. மூட்டு வீங்கியிருக்கிறது. நீ அன்று அலுவலகத்தை விட்டு வெளியே வரவில்லை, நானும் உள்ளே வரவில்லை. டிரைவர்தான் வந்து ஸ்டேஷனில் விட்டார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரையும் நன்றாகத்தான் மிரட்டி வைத்திருக்கிறாய்.

அங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. மேனேஜர் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்கிறேன்.

அன்று அவர்களுக்கு உறை ஒட்டும் வேலை இல்லை, விடுமுறை. மத்தியானம் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே சாவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும் சத்தம் கேட்டது. திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டான், இதுதான் இவள் கொடுத்த சுதந்திரம் என்று மனசுக்குள் உன்னைத் திட்டினேன். கதவு திறந்தது. என் முகத்தைப் பார்த்தான், பிறகு பையைப் பார்த்தான். எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். வா என்று சொல்லவில்லை.

"பை எதுக்கும்மா?"

"துணிடா."

"யாருக்கு?"

பைக்குள் அவன் துணிகளைப் போட்டுக்கொள்ள இன்னொரு பையை மடித்து வைத்திருந்தேன்.

உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலில், சாலை ஓரத்தில் போட்டு என்னை உட்காரச் சொன்னான். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான். பிறகு வாசற்படியில் நின்றுகொண்டான், இரண்டு கையையும் நிலையில் வைத்துக்கொண்டு. தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அந்த நிலையத்தைக் கட்டியவள் நான், நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருக்கிறேன். எழுந்து அவனை ஒரு தள்ளு தள்ளியிருந்தால் உள்ளே போயிருப்பேன். அவன் தடுத்திருக்க மாட்டான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அப்படியும் நின்றான்.

கேட்டேன். நீ சொன்னாய் என்பதற்காகக் கேட்கவில்லை, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மாவோட வர்றியாடா? தங்கச்சி வீட்ல உனக்கு ரூம் இருக்கு."

தரையைப் பார்த்தான். நெற்றி வியர்த்துவிட்டது. மாத்திரைக்கு, முடி வெட்டுவதற்கு, நான் ஊருக்குக் கிளம்பியதற்கு என்று எல்லாவற்றுக்கும் எனக்கு "சரிம்மா" சொன்ன பிள்ளை அவன். இதற்கும் அதைத்தான் சொல்வான் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை நம்பித்தான் டிக்கெட் எடுத்தேன்.

"வேண்டாம்" என்றான். காதில் விழவே இல்லை. எனக்குக் கேட்கவில்லையோ என்று பயந்துபோய்த் திரும்பவும் சத்தமாகச் சொன்னான், "வேண்டாம்மா."

"அத்தை சொல்லச் சொன்னாங்களா?"

"அத்தை இங்க இல்ல."

பிறகு அவன் கேட்டான், "எப்பம்மா போவ?"

"நாளைக்கு."

அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு நிம்மதி. அவன் பிறந்ததிலிருந்து எவ்வளவோ செய்திருக்கிறேன், எதற்கும் அந்த முகம் வந்ததில்லை. நான் போகிறேன் என்றதும் வந்தது. நிலையிலிருந்து கையை எடுத்தான். "உள்ள வாம்மா" என்றான்.

போனேன். ஹீரோ கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தார், பாட்டுக்காரர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். மேனேஜர் ஒவ்வொரு ஜன்னலாகக் கூட்டிக்கொண்டு போய்க் கொக்கியைக் காட்டினான். முட்டை வேகவைத்துக் கொடுத்தான். சரியாக வேகவில்லை. சாப்பிட்டேன். தன் அறையைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. இரவு லாட்ஜில் போய் அழுதேன், அதை உனக்கு எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ரயிலில் பக்கத்து இருக்கை காலியாக வந்தது. யாரோ உட்காரலாமா என்று கேட்டார்கள், உட்காருங்கள் என்றேன்.

உன்னை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. காஸை யார் மூடுகிறீர்கள் என்று மூவரையும் கேட்டேன், மூவரும் "நான்" என்றார்கள். அதை விசாரி. மேனேஜர் அறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி மாற்று. அவனைக் கேட்டுக்கொண்டு மாற்று. மேடையில் அவனைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் அதையும் அவனைக் கேள்.

அடுத்த மாதம் வரலாம் என்று இருக்கிறேன். ஒரு பைதான் எடுத்து வருவேன். எந்த நாள் வரலாம் என்று அவனைக் கேட்டு எழுது. வேண்டாம் என்று சொன்னால் அதையும் எழுது.

அண்ணி